முழங்கையில் போடாத ஊசி

நான் ஒரு பொய் சொன்னேன். தொலைபேசியில், ஒரு மருத்துவரிடம், நான்கே சொற்களில் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண், தன் அக்காவிடம் சொல்ல ஆறு ஆண்டுகளாக மனத்துக்குள் வைத்திருந்த ஒன்றைச் சொல்லாமலேயே மண்ணுக்குள் போனாள்.

முதலிலேயே சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் தொடர்ந்து படிக்கலாம். முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தும் போகலாம். உங்களிடம் பரிவு கேட்க நான் வரவில்லை. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

என் பெயர் குமரேசன். செங்கல்பட்டில் ரயிலடியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கும் ஒரு ஸ்கேன் மையத்தில் எம்.ஆர்.ஐ. எந்திரத்தை இயக்குகிறேன். சொந்த ஊர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு வேர்க்கடலை விவசாயம். எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கோட்டு மாட்டிய முதல் ஆள் நான்தான். என்னை டாக்டர் என்றே ஊரில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவசரப்பட்டு நானும் திருத்தியதில்லை.

இந்த அற்பத்தனத்தை ஏன் சொல்கிறேன் என்று கேட்கிறீர்களா? எல்லாம் இதிலிருந்துதான் கிளம்பியது. எனக்கு ஒரு பெயர் இருந்தது. ‘ஒரே குத்து.’ எவ்வளவு ஒளிந்துகொள்ளும் நரம்பாக இருந்தாலும் நான் ஒரே குத்தில் பிடித்துவிடுவேன். பக்கத்து மருத்துவமனையில் செவிலியர்கள் மூன்று நான்கு தடவை குத்திக் கைவிட்ட நோயாளிகளுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நான் போவேன், கையைத் தட்டிப் பார்ப்பேன், போடுவேன், திரும்பி வருவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசாமல் திரும்புவதில்தான் எவ்வளவு கர்வம்!

ஸ்டெல்லாவும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் வந்தாள்.

நெம்மேலியில் வீடு. வயது நாற்பதுக்குள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அவள் படித்து ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கணவர் அருள், ஒரு கம்பெனியின் பணியாளர் பேருந்தை ஓட்டுகிறவர். ஸ்டெல்லாவின் மூளையில் இடப்பக்கம் ஒரு கட்டி. சென்னையில் அறுவை செய்தார்கள். கதிர்வீச்சும் கொடுத்து முடித்தார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் முதல் ஸ்கேனுக்காக என்னிடம் வந்திருந்தாள்.

இந்த ஸ்கேன் எதற்கு என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் என் குற்றத்தின் அளவு தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சு முடிந்து சில வாரங்கள் கழித்துப் படம் எடுத்தால், கட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று தெரியும். அது கட்டி மறுபடி முளைத்ததாகவும் இருக்கலாம். கதிர்வீச்சில் வெந்து செத்த சதையாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்! முதலாவது என்றால் உடனே மறுபடி மண்டையைத் திறக்க வேண்டும். இரண்டாவது என்றால் மாத்திரை கொடுத்துக் காத்திருந்தாலே போதும்.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரத்த ஓட்டத்தை வைத்துத்தான். உயிருள்ள கட்டி இரத்தத்தை இழுத்துக் குடிக்கும். செத்த சதைக்கு இரத்தம் எதற்கு? ஆகவே கை நரம்பில் ஒரு மருந்தைச் செலுத்துவோம். அது இரத்தத்தோடு மூளைக்குள் பாய்ந்து வெளியேறும் அந்த ஓரிரு நிமிடங்களில் எந்திரம் நொடிக்கு நொடி படம் எடுத்துத் தள்ளும். கணினி அதை வண்ணமாக்கித் தரும். இரத்தம் மிகுந்த இடம் சிவப்பு. குறைந்த இடம் நீலம்.

இதற்கு ஒரே நிபந்தனை. மருந்து ஒரே மூச்சில், சில நொடிகளுக்குள் பாய வேண்டும். அதற்கு முழங்கையின் உட்பக்கம் பெரிய நரம்பில் தடித்த ஊசி போட்டிருக்க வேண்டும். புறங்கையில் மெல்லிய ஊசியைப் போட்டு மெதுவாக அனுப்பினாலும் படம் வரும், வண்ணமும் வரும். ஆனால் அந்த வண்ணத்தை நம்ப முடியாது. உயிரோடு இருக்கும் கட்டியும் அதில் செத்ததுபோல் தெரியலாம்.

எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா வந்த அன்று காலை பத்து மணி இருக்கும். ஊசி போடும் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். கைகள் முழுக்கப் பழைய ஊசித் தழும்புகள். மாதக்கணக்காகக் குத்திக் குத்தி நரம்புகள் எல்லாம் உள்ளே போய்விட்டிருந்தன. இடது புறங்கையில் மட்டும் நீல நிறத்தில் ஒரு மெல்லிய ஊசி, பிளாஸ்திரி ஒட்டியபடி இருந்தது. முந்தின நாள் வாந்திக்கு மருந்து ஏற்றப் போட்டதாம். சொட்டுச் சொட்டாக ஏற்றத்தான் அது உதவும். என் வேலைக்கு ஆகாது.

“உங்க கையி ராசியான கையின்னு சொன்னாங்கண்ணா. ஒரே குத்துல முடிச்சிடுவீங்களாமே?” என்றாள்.

நான் சிரித்தேன். மறுக்கவில்லை.

வலது முழங்கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ஊசிக்குப் பயந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நானும் பேசவிடுவேன், கை தளரும்.

“இது திரும்ப வந்துகினு இருந்தா இன்னிக்கே தெரிஞ்சிடுமாண்ணா?”

“தெரிஞ்சிடும்மா. சாயங்காலம் ரிப்போர்ட் வந்துடும்.”

“வந்திருந்தா எனக்கு ஒரு வேல கீது. எங்க அக்கா லில்லி மகாபலிபுரத்துல கீறா. ஆறு வருசமா பேச்சு கெடையாது. எங்கம்மா செத்தப்போ, நான் போறதுக்குள்ள அவ சவப்பொட்டிய மூடிட்டான்னு தெருவே கேக்குற மாதிரி சண்ட போட்டுட்டு வந்தேன். ஆனா அன்னிக்கு நடந்ததுல ஒண்ணு கீது... யாருக்கும் தெரியாது. இவருக்கே தெரியாது. அத்த நான் அவகிட்ட சொல்லணும். என் வாயாலதான் சொல்லணும்.”

“அப்ப போய்ச் சொல்லிட வேண்டியதுதானே? இதோ இருக்குது மகாபலிபுரம்.”

அவள் சிரித்தாள். “நல்லா கீதே! நான் ஏன் மொதல்ல போவணும்? அவ பெரியவ, அவ வரட்டுமே. ஆனா இது திரும்ப வந்திருந்தா வீம்பு புடிக்க முடியாது பாருங்க. பேச்சு வர்ற எடத்துக்குப் பக்கத்துல கீதுன்னு டாக்டரு சொன்னாரு. அப்பறம் நெனச்சாலும் சொல்ல முடியாதே!”

அந்த ஒன்று என்ன என்று நான் கேட்கவில்லை. அது எனக்கான சொல் அல்ல.

இப்போது புரிகிறதா உங்களுக்கு? அவள் என்னிடம் உயிரைக் கேட்கவில்லை. இருக்கிற காலம் எவ்வளவு என்ற தகவலை மட்டும்தான் கேட்டாள். அதை வைத்து வீம்பை விடுவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்துகொள்வாள்.

நான் குத்தினேன். நரம்பு நழுவியது.

இடது முழங்கையில் குத்தினேன். இரத்தம் வந்தது, ஆனால் உப்புநீர் செலுத்திப் பார்த்தபோது தோலுக்கடியில் வீங்கிவிட்டது. ஊசியை உருவினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது. “வேணாண்ணா... இதோ ஒண்ணு போட்டுத்தானே கீது, இதுலயே வுடுங்களேன்” என்று புறங்கையைக் காட்டினாள்.

அந்த நொடியில் செய்வதற்கு என்னிடம் எத்தனை வழிகள் இருந்தன! பக்கத்து மருத்துவமனையிலிருந்து, கருவி வைத்து நரம்பு தேடத் தெரிந்த மயக்க மருத்துவரை அழைத்திருக்கலாம். கைக்குச் சூடான ஒத்தடம் கொடுத்துவிட்டு அரைமணி நேரம் உட்காரவைத்திருக்கலாம். மறுநாள் வாம்மா என்று சொல்லியிருக்கலாம்.

ஒன்றையும் செய்யவில்லை. அந்த மெல்லிய ஊசியிலேயே, அது தாங்கும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து, மருந்தைச் செலுத்தினேன்.

இரக்கம் என்று பல மாதங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகிற பெண்ணை மூன்றாவது முறை குத்த மனம் வரவில்லை என்று... பொய்! அது இரண்டாவது பொய், எனக்கே சொல்லிக்கொண்டது. மயக்க மருத்துவரைக் கூப்பிட்டால் அவர் வந்து என்ன சொல்வார்? ‘என்ன குமரேசன், உங்களுக்கே கிடைக்கலையா?’ என்பார். இத்தனை வருடங்களாக எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் யாரையும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு கேள்வியைக் காதால் கேட்க எனக்குத் தெம்பில்லை. அவ்வளவுதான். இவ்வளவு சின்ன விஷயம்தான்!

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: ஊசி போட்ட இடம், ஊசியின் அளவு. ‘வலது முழங்கை’ என்று எழுதினேன். தடித்த ஊசியின் அளவை எழுதினேன்.

மதியம் தொலைபேசி வந்தது. எங்கள் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிற மருத்துவர் சென்னையில் இருக்கிறார். பெண்மணி, கறாரானவர். எல்லோரையும் போல் வண்ணத்தை மட்டும் பார்த்து எழுதிவிடுகிறவர் அல்லர். மருந்து மூளைக்குள் வந்துபோனதைக் காட்டும் கோட்டையும் பார்ப்பார். மருந்து வேகமாகப் போயிருந்தால் அந்தக் கோடு கிணறுபோல் சட்டென்று இறங்கி ஏறும்.

“குமரேசன், இந்த ஸ்டெல்லா கேஸ்ல கர்வ் ஆழமா இறங்கவே இல்லையே. ஊசி எங்க போட்டீங்க? ஸ்பீடா போச்சா?”

கேட்டுவிட்டார்! கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டுவிட்டார். ஸ்டெல்லா அப்போது வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக அவள் எனக்குத் தெரிந்தாள். அருள் வாங்கிவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ‘இல்லை டாக்டர், புறங்கையில் போட்டேன், இந்தப் படத்தை நம்பாதீர்கள்’ என்று நான் சொல்லியிருந்தால், அவர் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருப்பார். ஸ்கேனை இன்னொரு நாள் திரும்ப எடுத்திருப்போம். எனக்கு ஒரு சின்ன அவமானம். அதோடு முடிந்திருக்கும்.

“முழங்கையிலதான் டாக்டர். நல்லா போச்சு.”

“சரி, உங்க கை மேல எனக்குச் சந்தேகம் இல்ல. அப்போ இது ரேடியேஷன் எஃபெக்ட்தான். ஆறு வாரத்துல ஒரு ரிப்பீட் பார்க்கச் சொல்லி எழுதிடறேன்.”

மாலையில் அறிக்கை வந்தது. அருள் அதை என்னிடமே கொண்டுவந்து படித்துக்காட்டச் சொன்னார். படித்தேன். கட்டி திரும்பியதற்கான அறிகுறி இல்லை. சிகிச்சையின் விளைவாகவே தோன்றுகிறது... அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். ஸ்டெல்லா அழவில்லை. “பாத்தீங்களாண்ணா? இனி அவளே வரட்டும்” என்று கண்ணைச் சிமிட்டினாள்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதா? அவள் படியிறங்கிப் போகும்வரை நேரம் இருந்தது. அதன் பிறகும் ஒவ்வொரு நாளும் நேரம் இருந்தது. அருளின் கைபேசி எண் படிவத்திலேயே இருந்தது.

ஆறு வாரம் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் வந்தது மூன்று மாதம் கழித்து.

என் வாழ்நாளில் நான் மறக்க முடியாத காட்சி அது. அருள் அவளைத் தோளில் தாங்கி அழைத்துவந்தார். வலது கால் இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் மலர்ந்தது.

“தட்டு” என்றாள்.

நான் அருளைப் பார்த்தேன்.

“பத்து நாளா இப்படித்தான் அண்ணாத்த. எல்லாத்துக்கும் தட்டுன்னுது. தண்ணி கேட்டாலும் தட்டு, என்னக் கூப்பிட்டாலும் தட்டு. உள்ள எல்லாம் தெரியுது. வாயில மட்டும் வேற ஒண்ணும் வரல.”

அன்று மயக்க மருத்துவரைக் கூப்பிட்டேன். ஆம்! அன்று எந்த வெட்கமும் இல்லாமல் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, சிரமமான கைதான் என்றார். கருவி வைத்து நரம்பைத் தேடி முழங்கைக்கு மேலே தடித்த ஊசியைப் போட்டார். ஒருவரும் என்னைக் கேலி செய்யவில்லை. நான் அஞ்சிய அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை...

மருந்து பாய்ந்தது. கோடு கிணறுபோல் இறங்கியது. வண்ணப்படம் திரையில் விரிந்தபோது, இடப்பக்கம் முழுக்க ஒரே சிவப்பு.

சென்னை மருத்துவர் மறுபடி அழைத்தார். “மூணு மாசத்துல இவ்வளவா? முன்னாடி படத்துல இரத்த ஓட்டமே இல்லையே!” என்றார். பிறகு அவரே, “சில கட்டி அப்படித்தான்” என்றார். நான் ‘ம்’ என்றேன். அந்த ‘ம்’மையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி திறக்க முடியாது என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்குப் பின் நடந்ததை அருள் சொல்லித்தான் அறிவேன். மகாபலிபுரத்திலிருந்து லில்லி ஓடிவந்தாளாம். ஒரு விடுதியில் துணி தேய்க்கும் வேலை. வேலைச் சீருடையோடு அப்படியே வந்தாளாம். ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லையாம்.

“தட்டு தட்டுன்னு சொல்லிகினே கீது அண்ணாத்த. அழுவுது, அவ மொகத்தத் தடவுது, திரும்பத் திரும்ப அதையே சொல்லுது. லில்லிக்கு ஒண்ணும் புரியல. பசிக்குதுபோலன்னு உள்ள போயி ஒரு தட்டுல கஞ்சி ஊத்திக் கொண்டாந்தா. இது அந்தத் தட்டப் பாத்துட்டு, செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துகிச்சு. அதோட அவகிட்ட எதுவும் சொல்லப் பாக்கல.”

ஆறு வருடம் வைத்திருந்த சொல்... ஒரு தட்டுக் கஞ்சியாக வந்து நின்றது.

அவள் போய்ச் சேர்ந்தாள். நெம்மேலியில் அடக்கம். லில்லியே எல்லாம் முன்னின்று செய்தாளாம். நான் போகவில்லை. வேலை இருந்தது என்று அருளிடம் சொன்னேன். அதுவும் பொய்தான், எண்ணிக்கையை நிறுத்திவிட்டேன்.

நீங்கள் நியாயமான ஒரு கேள்வி கேட்பீர்கள். முதல் ஸ்கேனின்போதே கட்டி உயிரோடு இருந்ததா? சரியாக ஊசி போட்டிருந்தால் அன்றே சிவப்பாகத் தெரிந்திருக்குமா? எனக்குத் தெரியாது! ஒருவேளை அன்று அது உண்மையிலேயே செத்த சதையாக இருந்திருக்கலாம். ஒருவேளை தெரிந்திருந்தாலும் அவள் பிழைத்திருக்கமாட்டாள். இந்த ‘ஒருவேளை’க்குள்தான் நான் இத்தனை நாள் குடியிருக்கிறேன். ஆளில்லாத நேரத்தில் அந்த முதல் ஸ்கேனின் படங்களை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன்! அந்தக் கோடு மேலாக லேசாகப் பள்ளம் விழுந்து கிடக்கிறது. அதிலிருந்து எந்த மேதையாலும் எந்த உண்மையையும் எடுக்க முடியாது. நான் செய்த வேலை அது. உண்மையை மறைக்கவில்லை, பிறக்கவே விடவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட இதை எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அருள் வந்தார். மெலிந்திருந்தார். கையில் ஸ்கேன் படங்கள் அடங்கிய பை. எதிரே உட்கார்ந்து, தலை நிமிராமல் கேட்டார்.

“ஆறு வாரத்துல வரச் சொல்லி எழுதியிருந்தாங்க இல்ல அண்ணாத்த? அதுக்கு எடையிலயே தலவலின்னு சொல்லிச்சு. நான்தான், ஸ்கேனு நல்லா கீதே, வெயிலுக்கு வலிக்குதுன்னேன். டூட்டி கீது, அடுத்த வாரம் போலாம், அடுத்த வாரம் போலாம்னு இழுத்துட்டேன். நான் அப்பவே இட்டாந்திருந்தா... அது அக்காகிட்ட பேசியிருக்கும் இல்ல? நான்தானே கெடுத்தேன்?”

அறையில் வேறு யாரும் இல்லை. என் வாழ்க்கையில் இதைவிடச் சரியான நேரம் ஒன்று இனி வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு அடி தூரத்தில் ஒரு மனிதன் என் குற்றத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டு, இறக்கிவைக்க இடம் கேட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த ‘நல்லா கீதே’யை அவருக்குக் கொடுத்தவனே நான். ‘இல்லை அருள், அந்த ஸ்கேனே நல்லதில்லை’ என்று ஒரு வாக்கியம் போதும். அவர் என்னை அறைந்திருக்கலாம். என் வேலை போயிருக்கலாம். ஆனால் அவர் தூங்கியிருப்பார்.

“விடுங்க அருள். வேணும்னேவா செஞ்சீங்க? தெரியாம நடந்துபோச்சு. மனச விட்டுடாதீங்க” என்றேன்.

படிக்கிறீர்களா? நான் அவரை மன்னித்தேன்! என் குற்றத்துக்காக, நான், அவரை!

அவர் மெல்லத் தலையாட்டினார். ‘நீங்கள் கெடுக்கவில்லை’ என்று நான் மறுத்துச் சொல்லவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். கேட்கவந்த தீர்ப்பு கிடைத்துவிட்டதுபோல் எழுந்தார். “உங்களமாதிரி நல்லவங்க சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலா கீது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் இப்போதும் பேருந்து ஓட்டுகிறார். நெம்மேலி வழியாகப் போகும் கடற்கரைச் சாலையில் தலைவலி என்றோ மயக்கம் என்றோ யார் சொன்னாலும் அவர் விடுவதில்லை. தெரிந்தவர், தெரியாதவர் என்று பார்க்காமல் பிடித்து நிறுத்தித் தன் கதையைச் சொல்கிறார். தான் எப்படித் தாமதம் செய்து மனைவியைச் சாகவிட்டேன் என்று சொல்கிறார். சொல்லி என்னிடம் அனுப்புகிறார்.

போன வாரம்கூடக் கல்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு நடுத்தர வயதுக்காரர் வந்தார். “நெம்மேலி டிரைவர் அருள் அனுப்பினாருங்க. அவரு பண்ண தப்ப நீ பண்ணாதேன்னு சொன்னாரு. பாவம், பொண்டாட்டிய அவரே கொன்னுட்டாராமே?” என்றார்.

நான் அவர் பெயரையும் வயதையும் கேட்டுப் படிவத்தில் எழுதினேன். சட்டைப் பையில் சில்லறை, சாவி ஏதாவது இருந்தால் வெளியே வைத்துவிட்டு உள்ளே வரச் சொன்னேன்.